ஆறாவது இதழ்

"பேரி ஹாட்கிஸ் பதித்த டைல் எது, பழைய டைல் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது." எங்கள் ஆஷ்கோம் ஊரில் என் வேலைக்குக் கிடைக்கும் ஒரே பாராட்டு இதுதான். முப்பது வருடமாக இதைக் கேட்டு உச்சி குளிர்ந்து போயிருந்தவன் நான். போன குளிர்காலத்தில் அதே பாராட்டு என் கழுத்தைப் பிடித்தது.

அக்டோபர் முதல் வாரத்தில் மிஸ் வைல்டிங் ஃபோன் செய்தார். எண்பது வயது. தனியாக இருக்கிறார். எனக்குப் பத்து வயதில் வகுப்பு எடுத்தவர் என்பதால், அறுபத்திரண்டு வயதிலும் நான் அவரை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவேன்.

"பேரி, என் வீட்டுக்கு ஒரு மடையன் வந்துட்டுப் போயிருக்கான். உடனே வந்து பாரு."

மடையன் என்பது வீட்டைச் சூடாக்கும் பாய்லரைப் பழுது பார்க்க வந்தவன். பாய்லர் இனி தேறாது என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் கையிலிருந்த இரும்பு ரேடியேட்டரை முன்னறைக் கணப்பின் எதிரே போட்டுவிட்டான். கணப்பின் முன்னால் தரையில் பதித்திருக்கும் டைல்களில் நான்கு நொறுங்கிப்போயிருந்தன. செம்மண் நிறத்தில், நடுவே வெள்ளைக் களிமண் பூ பதித்த டைல்கள். அதற்கடியில் சாந்தும் பெயர்ந்து, விரல் நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருந்தது.

"புது பாய்லர் போட்டுடலாமே மிஸ்?"

"போடணும்னா வெளிச் சுவர்ல ஒரு ஓட்டை போடணுமாம். இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஓட்டை போடக் கூடாதுன்னு நகர மன்றத்துல சொல்லிட்டாங்க. சரி, கணப்பை மூட்டி உக்காந்துக்கலாம்னா, புகைபோக்கி துடைக்கிற கோலின் வந்து எட்டிப் பார்த்துட்டு, இந்த ஓட்டைக்குள்ள தணல் விழுந்தா அடியில இருக்கற மரம் பத்திக்கும், டைல் மாத்துற வரைக்கும் தீக்குச்சியே கிழிக்கக் கூடாதுன்னுட்டான்."

அவர் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் எனக்குத் தேநீர் ஊற்றினார். மேஜை மேல் முதியோர் இல்லம் ஒன்றின் வண்ணப் புத்தகம் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"என் தங்கச்சி பொண்ணு ஃபியோனா. நவம்பர் முப்பதாம் தேதிக்குள்ள இந்த வீட்டுல சூடு வரலைன்னா என்னை அங்க கொண்டுபோய் விட்டுடுவாளாம். ரூம் பிடிச்சு வெச்சுட்டா. போறவங்க யாராவது திரும்பி வந்து நீ பாத்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை. நான்கு டைல்தானே, பத்து நாள் வேலை என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போகும் வழியிலேயே அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. ஏனென்றால் அந்தக் கணப்பில் இருக்கும் டைல்கள், ஊரே நம்புவது போல, நூறு வருடத்துக்கு முந்தைய விக்டோரியா காலத்தவை அல்ல. நான் செய்தவை.

1994இல் அந்த வீடு மேஜர் லம்லி என்பவருடையதாக இருந்தது. அறுபதுகளில் யாரோ பழைய டைல்களைப் பெயர்த்துத் தூக்கிப் போட்டு, சிமென்ட் பூசி, கணப்பை அட்டையால் மூடி வைத்திருந்தார்கள். மேஜர் அட்டையை உடைத்துப் பார்த்தபோது அசல் டைலில் பாதித் துண்டு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. "இதே மாதிரி இருபத்துநாலு செஞ்சு குடு. யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். பாதித் துண்டில் மூன்று இதழ் இருந்தது. மூன்றை இரண்டால் பெருக்கினேன். ஆறிதழ்ப் பூவாக அச்சு வெட்டி, இருபத்துநான்கும் செய்து, தேநீரில் ஊறவைத்து, புகைக்கரியும் ஷூ பாலிஷும் தேய்த்துப் பதித்துக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அதே தெருவில் ஏழாம் எண் வீட்டில் வேலை பார்க்கும்போதுதான் முழு அசல் டைலைப் பார்த்தேன். பூவுக்கு ஐந்து இதழ். என் கையில் கிடைத்த பாதி சற்றுப் பெரிய பாதி. தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு மேஜர் செத்துப்போனார். அரசாங்கம் வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. "அபூர்வமான ஆறிதழ் டைல்கள் கொண்ட கணப்பு" என்று அந்தப் பட்டியலில் ஒரு வரியே இருக்கிறது. அதற்கப்புறம்தான் மிஸ் வைல்டிங் வீட்டை வாங்கினார்.

இப்போது நல்லது செய்ய ஒரு வாய்ப்பு வந்திருப்பதாக நான் நினைத்தேன். ஏழாம் எண் வீட்டுத் தோட்டத்தில் ரோஜாப் பாத்திக்கு வரப்பாக அசல் டைல்களை நட்டு வைத்திருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி நான்கை வாங்கினேன். சரியான விக்டோரியா காலத்துச் சரக்கு, ஒரே கட்டடக்காரர், ஒரே தெரு. கழுவித் துடைத்து, அனுமதி கேட்டு நகர மன்றத்துக்கு எடுத்துப் போனேன்.

புராதனக் கட்டடப் பாதுகாப்பு அதிகாரியின் பெயர் டாக்டர் ஃபர்னிவல். முப்பத்தைந்து வயதிருக்கும். ரொம்ப நல்ல மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். யார் சொல்வதையும் கேட்கவும் மாட்டார். என் டைல்களைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார்.

"மிஸ்டர் ஹாட்கிஸ், உங்க முயற்சி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இது அஞ்சு இதழ்."

"ஆமாங்க. அந்தத் தெருவுல எல்லாமே அஞ்சு இதழ்தான்."

"அதேதான் விஷயம். இது பின்னாடி வந்த மலிவுச் சரக்கு. மிஸ் வைல்டிங் வீட்டுல இருக்கறது வேற கை. நான் ஒரு சின்னப் புஸ்தகமே எழுதியிருக்கேன்."

எடுத்துக் கொடுத்தார். முப்பத்திரண்டு பக்கம். அட்டையில் என் பூ. பெயர் தெரியாத ஒரு தொழிலாளி, ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டதை நினைத்து, முதலாளிக்குத் தெரியாமல் ஆறாவது இதழைச் சேர்த்திருக்கலாம் என்று பதினோராம் பக்கத்தில் எழுதியிருந்தார். எனக்கு அன்றைக்கு வயது முப்பத்துநான்கு. முந்தின நாள் குடித்த பீர் இறங்கவில்லை. கணக்குத் தப்பிவிட்டது. இதைப் பதினோராம் பக்கத்தில் எப்படிச் சேர்ப்பது?

நேராக மிஸ் வைல்டிங்கிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். தொப்பி நழுவும் அளவுக்குச் சிரித்தார்.

"இருபது வருஷமா நான் இதை விருந்தாளிங்களுக்குக் காட்டிக்கிட்டிருக்கேன்டா, படுபாவி! சரி, விடு. இதுவும் நல்லதுக்குத்தான். போலின்னு ஆயிடுச்சுன்னா எதை வேணா போட்டுக்கலாமில்ல? அவரைக் கூப்பிடு. நேர்ல சொல்லு."

"மிஸ், ஊர்ல என் பேரு என்னாகும்?"

"உன் பேரு முக்கியமா, நான் முக்கியமா?"

எனக்கு இரண்டும் முக்கியமாகத்தான் இருந்தது. ஆனால் குளிரில் அவர் விரல் நுனிகள் நீலமாக இருந்ததைப் பார்த்துவிட்டு எப்படி அப்படிச் சொல்ல முடியும்? அதிகாரியை அழைத்தோம். அக்டோபர் இருபதாம் தேதி அவர் வந்தார். மூவரும் கோட்டோடு கணப்பின் முன் உட்கார்ந்தோம். மேஜர், பாதித் துண்டு, மூன்றை இரண்டால் பெருக்கியது, தேநீர், ஷூ பாலிஷ் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் நான் பேசியதே கிடையாது.

டாக்டர் ஃபர்னிவல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரொம்ப சுவாரசியமா இருக்கு," என்றார். எங்கள் நாட்டில் படித்தவர் ஒருவர் இப்படிச் சொன்னால், நீ சொன்னதில் ஒரு வார்த்தை கூட நான் நம்பவில்லை என்று அர்த்தம்.

"நெஜங்க. நான்தான் செஞ்சேன்."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். 94ல நீங்க இங்க ஏதோ ரிப்பேர் பண்ணியிருப்பீங்க. ஒண்ணு ரெண்டு டைல் ஒட்டியிருப்பீங்க. வருஷம் போகப் போக, எல்லாத்தையும் நாமதான் செஞ்சோம்ங்கற மாதிரி மனசுல பதிஞ்சிடும். நெறைய பேருக்கு நடக்கறதுதான். வெக்கப்படாதீங்க."

மிஸ் வைல்டிங்குக்கு வந்ததே கோபம். "டாக்டர், இவனுக்குப் பத்து வயசு ஆனதுலேர்ந்து எனக்கு இவனைத் தெரியும். பொய் சொன்னா இவன் காது ரெண்டும் செவந்துடும். பாருங்க இப்ப! செவந்திருக்கா?"

டாக்டர் ஃபர்னிவல் மரியாதைக்காக என் காதை எட்டிப் பார்த்தார். குளிரில் அது வெளுத்துப்போயிருந்தது.

"அச்சு இருக்கா, மிஸ்டர் ஹாட்கிஸ்?"

"ஆத்து வெள்ளம் என் கொட்டகைக்குள்ள வந்தப்ப அது கரைஞ்சு போச்சு. பிளாஸ்டர் அச்சுங்க."

"ரசீது?"

"மேஜர் ரெண்டு பாட்டில் விஸ்கி குடுத்தாரு."

"பாட்டில்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பிறகு, தன்னால் முடிந்த உதவியாக, ஒரு வழி சொன்னார். நான் ஒரு டைல் செய்து காட்ட வேண்டும். தரையில் இருப்பதோடு வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒரே கை என்று தெரிந்தால் என் பேச்சை ஒப்புக்கொள்வார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கையை என்னைவிட யாருக்குத் தெரியும்? உடையாமல் கிடந்த டைல்களை மெல்லிய தாளில் படியெடுத்து, புதிய அச்சு வெட்டினேன். சூளையில் ஒரே ஒரு டைலை வைத்துச் சுடுகிற பைத்தியக்காரன் கிடையாது என்பதால் ஆறு டைல் அடித்தேன். சிவப்புக் களிமண்ணை அச்சில் அழுத்தி, பள்ளத்தில் வெள்ளைக் களிமண் குழம்பை ஊற்றி, கொஞ்சம் இறுகியதும் மேலே சுரண்டிவிட வேண்டும். ஈரம் வற்றுவதற்குள் சூட்டில் வைத்தால் வெடித்துவிடும். அதனால் மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் மிஸ் வைல்டிங் வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே கிடந்தார். ஃபியோனா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பெட்டியில் கட்ட வேண்டிய துணிமணிகளைப் பிரித்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆறும் நல்லபடியாக வந்தன. ஆறையும் ஒரே வாளித் தேநீரில் ஊறவைத்தேன். ஒரே கரி, ஒரே பாலிஷ். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, நவம்பர் பதினைந்தாம் தேதி கணப்பின் முன் வைத்தேன்.

டாக்டர் ஃபர்னிவல் மண்டி போட்டு உட்கார்ந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். கடைசியில் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நீங்க கெட்டிக்காரர், மிஸ்டர் ஹாட்கிஸ். நான் மனசாரச் சொல்றேன். ஆனா பாருங்க, இந்தப் பழைய பூவுல கோடு எவ்வளவு சரளமா ஓடுது. செஞ்ச ஆளு யோசிக்கவே இல்ல. உங்க பூவுல இதழ் ஒவ்வொண்ணும் பயந்து பயந்து நிக்குது. நீங்க இதைப் பார்த்து செஞ்சிருக்கீங்க. அவரு எதையும் பார்த்து செய்யல. இதுல உயிர் இருக்கு. இதுல..." என்று என் டைலைத் தொட்டார். முடிக்கவில்லை. நல்ல மனிதர் அல்லவா?

என் டைலை ஒரு பையில் போட்டு, "நவீன நகல், பி. ஹாட்கிஸ்" என்று சீட்டு ஒட்டி, ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்டு போனார். இந்த மாதிரி அபூர்வமான தளத்தில் நகல் பதிக்க அனுமதிக்க முடியாது, அதே காலத்து ஆறிதழ் அசல் நான்கு கிடைத்தால் சொல்லுங்கள் என்று வாசலில் திரும்பி நின்று சொன்னார். உலகத்திலேயே இல்லாத பொருளைத் தேடச் சொல்லிவிட்டு, கையசைத்துவிட்டுப் போனார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குளிரால் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். முப்பத்துநான்கு வயதில் நான் குடித்துவிட்டுச் செய்ததில் உயிர் இருந்ததாம். இப்போது ஒரு சொட்டு குடிக்காமல் செய்ததில் இல்லையாம்.

மிஸ் வைல்டிங் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு கேட்டார்.

"பேரி, எத்தனை டைல் செஞ்சே?"

"ஆறு மிஸ்."

"அப்ப கொட்டகையில இன்னும் அஞ்சு இருக்கு."

"இருக்கு. அதே டைல்தான். அதே சூளைதான். அவர்தான் வேண்டாம்னுட்டாரே?"

"அவர் டைலை வேண்டாம்னு சொல்லலடா. உன்னை வேண்டாம்னு சொன்னாரு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் திடுக்கிட்டேன். "மிஸ், பொய் சொல்லச் சொல்றீங்களா? நீங்களா? 'பொய் சொல்ல மாட்டேன்'னு என்னை நூறு தடவை எழுத வெச்சீங்க!"

"எழுதினே. பலிச்சுதா? நெஜத்தைச் சொன்னே, அவர் உனக்கு ஞாபகக் கோளாறுன்னாரு. மரியாதையா காதுல பூ சுத்துற வழியைப் பாரு. எங்க கெடச்சதுன்னு சொல்லப்போறே?"

"பழைய சாமான் கடையில..."

"கடைன்னா போய் விசாரிப்பாரு. ஏதாவது பண்ணை வீட்டுக் கொட்டகைன்னு சொல்லு. வைக்கோலுக்கு அடியில. வீட்டுக்காரன் செத்துட்டான். பிள்ளைங்க ஆஸ்திரேலியாவுல. பழைய பேப்பர்ல சுத்தியிருக்கட்டும். எங்கிட்ட அலமாரி அடியில விரிச்ச பேப்பர் ஒண்ணு இருக்கு, 1891."

நாற்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைத் திருத்தியவருக்கு, நல்ல பொய் எப்படி இருக்கும் என்று தெரியாதா?

நவம்பர் இருபதாம் தேதி நகர மன்றத்துக்குப் போனேன். அறைக்குள்ளேயும் கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டுதான் பேசினேன். அதற்குள் காது கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஃபர்னிவல் அந்தப் பழைய காகிதத்தை மெதுவாகப் பிரித்தார். நான்கு டைலையும் வரிசையாக மேஜைமேல் வைத்தார். பண்ணை எங்கே என்றார், சொன்னேன். யார் என்றார், செத்துவிட்டார் என்றேன். ஆஸ்திரேலியா வரைக்கும் போக வேண்டிய தேவையே வரவில்லை. அவர் குரல் தழுதழுத்தது.

"மிஸ்டர் ஹாட்கிஸ், நீங்க என்ன கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

எனக்கு நன்றாகவே தெரியும். அன்று மாலைக்குள் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. ஆறு வாரம் இழுத்தடித்தவர்கள் ஆறு மணி நேரத்தில் முத்திரை குத்தினார்கள். மறுநாளே பதித்தேன். சாந்து காயக் கொஞ்சநாள் விட்டேன். கோலின் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "ராஜா மாதிரி எரிய விடலாம்" என்றான்.

முப்பதாம் தேதி மதியம் மிஸ் வைல்டிங் தன் கையாலேயே தீ மூட்டினார். ஃபியோனா பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, கதகதப்பில் கோட்டைக் கழற்றினாள். பெரியம்மா மகாராணி மாதிரி கால் நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அப்புறம் வெளியே போய் இல்லத்துக்கு ஃபோன் செய்து ரூம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் இனி தன் வீட்டிலேயே இருப்பார். எனக்கு அது போதும். போதும் என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது டாக்டர் ஃபர்னிவல் கேக்கும் கையுமாக வந்தார். புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்காகப் படம் எடுக்க வேண்டுமாம். பையிலிருந்து என் டைலை எடுத்து, "உங்க பொருள், திருப்பிக் குடுத்துடறேன்" என்றார். கொடுக்கும் முன், தீயின் வெளிச்சத்தில், அந்த நான்கின் பக்கத்தில் ஒரு கணம் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க. இப்பப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு குழந்தைகூடச் சொல்லிடும், இல்லையா?"

மிஸ் வைல்டிங் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஒரே மண், ஒரே அச்சு, ஒரே சூளை, ஒரே வாளித் தேநீர். அவருக்குக் காட்டுவதற்காக நானும் குனிந்து பார்த்தேன்.

அவர் சொன்னது சரிதான். அந்த நான்கிலும் கோடு சரளமாக ஓடியது. என் பெயரில் இருந்தது சுமார்தான்.